"கம்பெனி வேலை" என்றால் என்ன வேலை?

மாமாவுக்கு மூச்சிளைப்பு ஆரம்பித்த புதிதில் சென்னையில், பாடியில் ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப் போயிருந்தோம். டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை முதுகில் வைத்துக்கொண்டே கேட்டார், "என்ன வேலை பாக்குறீங்க?" மாமா சொன்னார், "கம்பெனி வேலைங்க." டாக்டர் தலையாட்டிவிட்டுச் சீட்டில் எழுத ஆரம்பித்தார். அம்பத்தூர், கொரட்டூர், பாடி பக்கம் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், இந்தப் பதிலுக்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள். பெண் பார்க்கப் போன இடத்திலும் அதுதான் பதில், ரேஷன் கார்டுக்கும் அதுதான். கம்பெனி என்றால் எஸ்டேட், அதாவது தொழிற்பேட்டை. எஸ்டேட்டுக்குள்ளே என்ன செய்கிறார் என்பது அவரவர் பாடு.

மாமா செய்தது பவுண்டரியில், அதாவது இரும்பை உருக்கி வார்க்கும் பட்டறையில், ஃபெட்லிங்: வார்த்தெடுத்த இரும்பைச் செதுக்கித் தேய்த்துச் சுத்தம் செய்கிற வேலை. பத்தொன்பது வருஷம். அந்த ஒரு வார்த்தையை யாராவது கேட்டு எழுதியிருந்தால் அவருக்கு இரண்டு முறை காசநோய் மாத்திரை கொடுத்திருக்க மாட்டார்கள், அல்லது வேறு மாதிரி கொடுத்திருப்பார்கள். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் மணல்.

பவுண்டரி என்றதும் கோயம்புத்தூர்தான் பலருக்கு நினைவுக்கு வரும். ஆனால் 1958இல் கிண்டியிலும் 1964இல் அம்பத்தூரிலும் தொழிற்பேட்டைகள் வந்த நாளிலிருந்து, லாரிக்கும் பஸ்ஸுக்கும் டிராக்டருக்கும் வேண்டிய வார்ப்புகளைச் செய்யும் பட்டறைகள் சென்னையைச் சுற்றிலும் இருக்கின்றன. வார்ப்பு உற்பத்தியில் உலகத்தில் சீனாவுக்கு அடுத்து இந்தியா. பிரேக் டிரம், பம்ப்பின் வயிற்றுப் பகுதி, என்ஜின் பிளாக், தெருவில் நாம் மிதித்துப் போகும் பாதாளச் சாக்கடை மூடி, எல்லாமே மணலுக்குள் இரும்பை ஊற்றி எடுத்தவை.

மெரினாவில் மணலில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிடுகிறோம். குழந்தைகள் அதை வாரித் தலையில் போட்டுக்கொள்கிறார்கள். அந்த மணலிலும் பெரும்பகுதி குவார்ட்ஸ்தான், அதாவது படிகச் சிலிக்கா. பவுண்டரிக்கு லாரியில் வந்து இறங்கும் மணலும் அதே பொருள்தான். மெரினாவில் உட்கார்ந்து யாருக்கும் நுரையீரல் கெட்டதில்லை. காரணம் அளவு. வார்ப்பு மணலின் ஒரு துகள் 200, 300 மைக்ரான் இருக்கும். நம் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். மூச்சுக்குழாயின் கடைசிக் கிளை வரை, காற்றும் ரத்தமும் சந்திக்கும் அந்தச் சின்னச் சின்ன அறைகள் வரை போக வேண்டுமென்றால் துகள் ஏறக்குறைய 4, 5 மைக்ரானுக்குள் இருக்க வேண்டும். புது மணல் அவ்வளவு தூரம் போக முடியாது. மூக்கிலேயே நின்றுவிடும், இல்லையென்றால் சளியோடு வெளியே வந்துவிடும்.

அந்த மணலை உடைத்துப் பொடியாக்கும் வேலையைத்தான் பவுண்டரி தன்னையறியாமல் நாள் முழுக்கச் செய்துகொண்டிருக்கிறது.

மணலோடு பெண்டோனைட் களிமண், கொஞ்சம் நிலக்கரித் தூள், தண்ணீர் சேர்த்து அரைத்து, பாக்ஸில் போட்டு இடித்து அச்சு எடுப்பார்கள். இந்தக் கட்டத்தில் மணல் ஈரம், அதனால் பெரிய தொந்தரவு இல்லை. பிறகு சுமார் 1,400 டிகிரியில் உருகிய இரும்பு அதில் இறங்குகிறது. குவார்ட்ஸுக்கு ஒரு குணம் உண்டு. 573 டிகிரியைத் தாண்டும்போது அதன் படிக அடுக்கு மாறி, சட்டென்று உப்பும். ஆறும்போது திரும்பச் சுருங்கும். உப்பிச் சுருங்கி, உப்பிச் சுருங்கி, துகளில் விரிசல் விழும். இன்னும் அதிகச் சூட்டில் ஒரு பகுதி கிறிஸ்டோபலைட் என்ற வேறு படிகமாகவும் மாறும். நுரையீரலுக்கு அதுவும் நல்லதில்லை. அந்த மணலை யாரும் கொட்டிவிடுவதில்லை. சலித்து, கொஞ்சம் புது மணல் கலந்து, மறுபடி அச்சுக்கு. ஒரே மணல் நூறு முறை சூடு கண்டு, நூறு முறை அரைபட்டு, ஒவ்வொரு சுற்றிலும் இன்னும் கொஞ்சம் பொடியாகிறது.

அப்புறம் நாக்கவுட். ஆறிய அச்சைத் தட்டி உடைத்து வார்ப்பை வெளியே எடுக்கும் இடம். காலையில் இருந்த ஈரமெல்லாம் இரும்பின் சூட்டில் போய்விட்டது. இப்போது இருப்பது காய்ந்த, சூடான, விரிசல் விட்ட மணல். அதைக் குலுக்குகிறார்கள். சூட்டோடு சேர்ந்து தூசி மேலே எழும். அஸ்பெஸ்டாஸ் கூரையில் ஓட்டை இருந்தால் அதன் வழியாக இறங்கும் வெயில் கம்பியில் தூசி சுழல்வதைப் பார்க்கலாம். அழகாகக்கூட இருக்கும். தொழிற்சாலைச் சுகாதாரம் படித்தவர்கள் இதே வித்தையைத்தான் இருட்டில் ஒரு பலமான விளக்கை வைத்துச் செய்து பார்க்கிறார்கள். சாதாரண வெளிச்சத்தில் ஒன்றுமே தெரியாத இடத்தில், விளக்கின் கற்றைக்குள் புகை மாதிரி நிற்கும்.

கண்ணுக்குத் தெரிகிற தூசி கொஞ்ச நேரத்தில் தரைக்கு வந்துவிடும். ஒரு மைக்ரான் துகள் ஆள் உயரத்திலிருந்து தரைக்கு வர நான்கைந்து மணி நேரம் ஆகும், அதுவும் காற்று அசையாமல் இருந்தால். பவுண்டரியில் காற்று அசையாமல் எங்கே இருக்கிறது? ஒரு ஷிஃப்ட்டில் எழுந்த தூசியை அடுத்த ஷிஃப்ட்காரர் வந்து சுவாசிக்கிறார்.

ஃபெட்லிங்தான் இதில் மோசம். வார்ப்பின் மேல் மணல் வெந்து ஒட்டிக்கொண்டிருக்கும். அதை உளியால் செதுக்கி, கிரைண்டிங் வீலில் தேய்த்து எடுக்க வேண்டும். முகத்துக்கும் வீலுக்கும் நடுவே ஒரு முழம் இருந்தால் அதிகம். பொறி பறப்பதை எல்லோரும் பார்ப்பார்கள். பொறியோடு சேர்ந்து வருவதை யாரும் பார்க்க முடியாது. புதிதாக உடைபட்ட சிலிக்காவின் விளிம்புகள் வேதியியல் முறையில் இன்னும் துடிப்பாக இருக்கும். பழைய, பழுத்த தூசியைவிட அது செல்களை அதிகம் புண்படுத்தும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கிரைண்டர் முன்னால் நிற்கிறவருக்குக் கிடைப்பது எப்போதும் புதியதுதான்.

இன்னொரு வேலை உண்டு, பவுண்டரி பற்றிய பேச்சில் அதிகம் அடிபடாது. இப்போதைய இண்டக்‌ஷன் ஃபர்னஸ்களின், அதாவது மின்சாரத்தில் இரும்பை உருக்கும் உலைகளின், உள்சுவரை ரேமிங் மாஸ் என்ற பொடியை இடித்து இறுக்கிச் செய்கிறார்கள். பெரும்பாலும் அது 98, 99 சதவீதம் சிலிக்கா, அரைத்த குவார்ட்ஸ். லைனிங் தேய்ந்ததும் பழையதை உடைத்து எடுத்துப் புதியதை இடிக்க வேண்டும். வாளி மாதிரி ஆழமான ஃபர்னஸுக்குள் குனிந்தோ இறங்கியோ செய்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமை மற்றவர்களுக்கு லீவு, லைனிங் ஆட்கள் வருவார்கள். வெள்ளை வெளேரென்று மாவு மில்லிலிருந்து வருவது போல வெளியே வருவார்கள். அவர்கள் பெயர் பெரும்பாலும் எந்த மஸ்டரிலும் இருக்காது, கான்ட்ராக்டர் கூட்டி வந்தவர்கள்.

சரி, உள்ளே போனதும் என்ன நடக்கிறது?

நுரையீரலின் காற்றறைகளில் மேக்ரோஃபேஜ் என்ற செல்கள் காவல் இருக்கின்றன. கிருமி வந்தால் விழுங்கிச் செரித்துவிடும். சிலிக்கா துகளையும் அப்படியே விழுங்கும், ஆனால் செரிக்க முடியாது. துகள் உள்ளிருந்தே செல்லைக் கிழிக்க, செல் செத்து, தன்னிடம் இருந்த அமிலத்தையெல்லாம் சுற்றிலும் கொட்டிவிடும். துகள் வெளியே வரும், அடுத்த செல் அதை விழுங்கும். இந்தச் சண்டை ஓய்வதில்லை. ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் ஒரு தழும்பு கட்டுகிறது. ரத்தக்காயம் ஆறினால் தோலில் தடிப்பு விழுகிறதே, அதே போல. தழும்பு முடிச்சு முடிச்சாகச் சேர்ந்து, பஞ்சு மாதிரி விரிய வேண்டிய நுரையீரலை இறுக்கிவிடுகிறது. இதுதான் சிலிகோசிஸ்.

வழக்கமான வகை வெளியே தெரியப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகும். தூசி அதிகமென்றால் ஐந்திலிருந்து பத்து வருஷம். லைனிங் போன்ற வேலைகளில் அளவு மீறிப்போனால் சில மாதங்களிலேயேகூட வந்துவிடும். வேலையை விட்டுவிட்டாலும் நோய் நிற்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை, உள்ளே தங்கிய துகள் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். தழும்பைக் கரைக்க இன்றுவரை மருந்து இல்லை. மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதி என்ற முதல் பிரிவில் படிகச் சிலிக்காவை உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1997இல் சேர்த்தது. இரும்பு, எஃகு வார்ப்படத் தொழிலை அதற்கும் பத்து வருஷம் முன்னால், 1987இலேயே, அந்தப் பிரிவில் வைத்துவிட்டது.

வெல்லத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஷிஃப்ட் முடிந்ததும் ஒரு துண்டு வெல்லம், இல்லையென்றால் வாழைப்பழம் சாப்பிட்டால் நெஞ்சில் இருக்கும் தூசி இறங்கிவிடும் என்று பவுண்டரிகளில் ஒரு நம்பிக்கை. நிர்வாகமே கொடுப்பதும் உண்டு. மாமா சாகும்வரை அதை நம்பினார். வெல்லம் போவது வயிற்றுக்கு. தூசி இருப்பது வேறு வீட்டில். தொண்டையில் ஒட்டியது வேண்டுமானால் கொஞ்சம் இறங்கும்.

இனி அந்த இரண்டு காசநோய்க் கோர்ஸ் கதை. இருமல், சளி, எடை குறைவு, மாலையில் களைப்பு, எக்ஸ்ரேயில் நுரையீரலின் மேல்பகுதியில் புள்ளி புள்ளியாக நிழல். இதைப் பார்த்தால் நம்மூரில் எந்த டாக்டருக்கும் முதலில் தோன்றுவது டிபிதான். தோன்றுவதில் தப்பும் இல்லை. சென்னையின் நெஞ்சு வைத்தியம் வளர்ந்ததே காசநோயை வைத்துத்தான். 1928இல் டாக்டர் சவுரிமுத்து தாம்பரத்தில் சானடோரியம் தொடங்கினார், அதன் பெயரில் ரயில் நிலையமே இருக்கிறது. 1956இல் சென்னையில் வந்த காசநோய் மருத்துவ மையம், நோயாளியை ஆஸ்பத்திரியில் கிடத்தாமல் வீட்டிலேயே வைத்துக் குணப்படுத்த முடியும் என்று நிரூபித்து உலகத்தின் வைத்திய முறையையே மாற்றியது. அதுதான் இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். இப்படிப்பட்ட ஊரில் நிழலைப் பார்த்ததும் டிபி என்று கை எழுதிவிடும்.

சிக்கல் என்னவென்றால் இரண்டு நோயும் ஒன்றையொன்று கூட்டிக்கொண்டு வரும். காவல் செல்கள் சிலிக்காவோடு மல்லுக்கட்டிச் செத்துக்கொண்டிருந்தால் காசநோய்க் கிருமிக்குக் கதவு திறந்த வீடு. சிலிகோசிஸ் உள்ளவருக்கு டிபி வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். அப்படி வந்தால் வழக்கமான ஆறு மாதச் சிகிச்சை போதுமா? இந்தக் கேள்விக்குப் பதில் தேடிய ஆய்வு ஒன்றில் சென்னை மையத்துக்கும் பங்கு உண்டு. ஹாங்காங் நெஞ்சகச் சேவையும் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் சென்னை மையமும் சேர்ந்து நடத்தி, 1991இல் வெளியிட்டது. சிலிகோசிஸோடு காசநோயும் வந்த ஹாங்காங் நோயாளிகளில் ஆறு மாதம் மருந்து எடுத்தவர்களில் 22 சதவீதம் பேருக்கு மூன்று வருஷத்துக்குள் நோய் திரும்பியது. எட்டு மாதம் எடுத்தவர்களில் 7 சதவீதம் பேருக்குத்தான்.

அதாவது "என்ன வேலை?" என்ற கேள்வி வெறும் குசலம் இல்லை. மருந்துச் சீட்டில் எத்தனை மாதம் என்று எழுத வேண்டியதை அந்தப் பதில் மாற்றுகிறது. நோயாளியின் தொழிலைக் கேளுங்கள் என்று இத்தாலிய மருத்துவர் ராமசினி 1700இலேயே எழுதிவைத்துவிட்டுப் போனார். நம் கிளினிக்குகளில் கேட்கிறார்கள், "கம்பெனி வேலை" என்றதும் விட்டுவிடுகிறார்கள்.

சட்டம் இதையெல்லாம் யோசிக்காமல் இல்லை. போபாலுக்குப் பிறகு 1987இல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தியபோது, அபாயகரமான தொழில்களின் பட்டியலில் பவுண்டரியைப் பெயர் சொல்லியே சேர்த்தார்கள். அப்படிப்பட்ட வேலைக்கு ஆளை எடுக்கும் முன்பும், வேலையில் இருக்கும்போது பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறைக்குக் குறையாமலும், வேலையை விட்டுப் போன பிறகும் மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று 41சி பிரிவு சொன்னது. விட்டுப் போன பிறகும்! எழுதியவருக்குச் சிலிகோசிஸின் குணம் நன்றாகத் தெரிந்திருக்கிறது. வேலையை விட்ட ஒருவரைத் தேடிப் போய் எக்ஸ்ரே எடுத்த பவுண்டரியை நான் கேள்விப்பட்டதில்லை. நோயைக் கண்ட டாக்டர் உடனே தலைமை ஆய்வாளருக்கு எழுத வேண்டும் என்றது 89ஆம் பிரிவு. எழுதாவிட்டால் ஆயிரம் ரூபாய் வரை அபராதம். 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்துக்குத் தொழில் பாதுகாப்பு, சுகாதாரத்துக்கான புதிய சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் சிலிகோசிஸ் அப்படியே இருக்கிறது. ஆனால் மின்சாரம் வைத்து நடக்கும் இடத்தைத் தொழிற்சாலை என்று சொல்ல முன்பு பத்து பேர் போதும், இப்போது இருபது பேர் வேண்டும். சந்துக்குள் பன்னிரண்டு பேரை வைத்து நடக்கும் ஜாப் ஒர்க் கிரைண்டிங் பட்டறைகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

தூசிக்கான அளவையும் பார்த்துவிடலாம். நம்முடைய பழைய அட்டவணையில் ஒரு சூத்திரம் இருந்தது. பத்தை, தூசியில் உள்ள குவார்ட்ஸ் சதவீதத்தோடு இரண்டைக் கூட்டி வரும் எண்ணால் வகுக்க வேண்டும். குவார்ட்ஸ் 20 சதவீதம் என்றால் ஒரு கன மீட்டர் காற்றில் 0.45 மில்லிகிராம் நுண்தூசி வரை இருக்கலாம். அதில் சிலிக்கா மட்டும் 0.09. அமெரிக்கா 2016இல் இதை 0.05 ஆகக் குறைத்துவிட்டது. எட்டு மணி நேர வேலையில் ஒருவர் ஏறக்குறைய 10 கன மீட்டர் காற்றை இழுக்கிறார் என்று வைத்தால், 0.05 என்ற அளவின்படி ஒரு நாளைக்கு அரை மில்லிகிராம். ஒரு அரிசியை நாற்பது துண்டாக்கினால் ஒரு துண்டு. அதற்கு மேல் போனால் ஆபத்து என்கிறார்கள். துடைப்பத்தால் ஒரு முறை தரையைப் பெருக்கினால் எழும் தூசிக்கு முன்னால் இது எம்மாத்திரம்!

நஷ்ட ஈட்டுக்கும் வழி உண்டு. இஎஸ்ஐ சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலிலும், 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்திலும் சிலிகோசிஸும், அதோடு சேர்ந்து வரும் காசநோயும் இருந்தன; 2025 நவம்பர் 21 முதல் அவற்றின் இடத்துக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இருக்கின்றன. இஎஸ்ஐயில் மெடிக்கல் போர்டு ஒத்துக்கொண்டால், உழைக்கும் திறன் எவ்வளவு போனதோ அதற்கேற்ப மாதாமாதம் பணம் வரும். ஒத்துக்கொள்ள எந்தக் கம்பெனியில், எந்த வேலையில், எத்தனை வருஷம் என்பதற்குக் காகிதம் வேண்டும். நாலு கான்ட்ராக்டர் மாறியவரிடம் என்ன காகிதம் இருக்கும்?

இப்போது நாக்கவுட்டிலும் ஃபெட்லிங்கிலும் நிற்பவர்களில் கணிசமானோர் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்கள். எஸ்டேட்டை ஒட்டிய லைன் வீடுகளில் ஒரு அறைக்கு எட்டு பேர். ஐந்தாறு வருஷத்தில் மூச்சு வாங்க ஆரம்பித்தால் ஊருக்குப் போய்விடுவார்கள். நோய் அங்கே கணக்காகும், அதுவும் டிபி என்று. சென்னைக் கணக்கில் ஒரு கேஸும் கூடாது. இப்படி நடக்கும் என்பதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. குஜராத்தின் குவார்ட்ஸ் அரைக்கும் ஆலைகளுக்கு மத்தியப் பிரதேசத்தின் ஆதிவாசி மாவட்டங்களிலிருந்து போனவர்கள் ஊர் திரும்பிச் செத்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2016இல் 238 குடும்பங்களுக்குத் தலா மூன்று லட்சம் கொடுக்கச் சொன்னார்கள். செத்தவர்களைக் கிராமம் கிராமமாகப் போய்த்தான் எண்ண வேண்டியிருந்தது.

தடுப்பது பெரிய ராக்கெட் வித்தை ஒன்றும் இல்லை. தூசி எழும் இடத்திலேயே அதை உறிஞ்சிக்கொள்ளும் குழாய், கிரைண்டருக்கு ஹூட், நாக்கவுட்டுக்கு மூடிய அறை, காய்ந்த துடைப்பத்துக்குப் பதில் வேக்குவம், பெருக்குவதற்கு முன் தண்ணீர் தெளிப்பது. வாசல் பெருக்கும் எந்த அம்மாவுக்கும் தெரிந்த விஷயம்தான், முதலில் தண்ணீர், அப்புறம் துடைப்பம். பெரிய பவுண்டரிகள் பலவற்றில் இது இருக்கிறது. ஆனால் ஹூட் மாட்டியிருப்பது வேறு, அது உறிஞ்சுவது வேறு. பில்டரைத் தட்டி மாதக்கணக்காகியிருந்தால் மோட்டார் சத்தம் மட்டும்தான் வரும். ஹூட்டின் வாய்ப்பக்கம் ஒரு டிஷ்யூவைப் பிடித்துப் பார்த்தாலே தெரிந்துவிடும், இழுக்கிறதா இல்லையா என்று.

மாஸ்க்கைக் கடைசியில்தான் சொல்ல வேண்டும், நம்மூரில் முதலில் அதைத்தான் சொல்வார்கள். முகத்தில் கட்டும் துண்டும், நீல நிறச் சர்ஜிக்கல் மாஸ்க்கும் இந்தத் தூசிக்குச் சல்லடை வைத்துத் தண்ணீர் மொள்வது போல. என்95 வடிகட்டும், முகத்தோடு இடைவெளி இல்லாமல் பொருந்தினால். தாடி இருந்தால் பொருந்தாது. மே மாதத்து அம்பத்தூரில், உலைக்குப் பத்தடி தள்ளி, எட்டு மணி நேரம் அதைப் போட்டுக்கொண்டு நிற்கச் சொல்பவர் ஒரு மணி நேரம் தானே நின்று பார்க்கட்டும்.

எல்லாவற்றையும்விட எனக்கு எரிச்சல் மூட்டுவது ஷிஃப்ட் முடிவில் ஏர் அடிப்பது. வார்ப்பைச் சுத்தம் செய்ய வைத்திருக்கும் கம்ப்ரசர் பைப்பை எடுத்து உடம்பு மேல், சட்டை மேல், தலைமுடி மேல் அடித்துக்கொள்வார்கள். ஒரு நாள் முழுக்க உடம்பில் படிந்ததை ஒரே நொடியில் மூக்குக்கு நேரே கிளப்பிவிடுகிற வேலை. மாமா அதைச் சுத்தம் என்றுதான் நினைத்தார். அதற்குப் பிறகும் சட்டையில் மிச்சம் இருக்கும். அத்தை அதைத் துவைப்பதற்கு முன் வாசலில் உதறுவார்.

மூன்றாவது முறை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனபோது ஒரு இளம் டாக்டரம்மா, "கம்பெனின்னா எந்தக் கம்பெனி? அங்க நீங்க கையால என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார். மாமா எழுந்து நின்று, கிரைண்டர் பிடிப்பது போல இரண்டு கையையும் நீட்டிக் காட்டினார். பழைய எக்ஸ்ரே இருக்கிறதா என்றார் அவர். அத்தை பீரோ மேலிருந்து இரண்டு பிலிமைக் கொண்டு வந்திருந்தார், ஒன்று ஆறு வருஷத்துக்கு முன்னால் எடுத்தது. டாக்டரம்மா மூன்றையும் ஜன்னல் கண்ணாடியில் வரிசையாகப் பிடித்துப் பார்த்தார். முதல் டிபி கோர்ஸுக்கு முன்னால் எடுத்த பிலிமிலேயே அந்தப் புள்ளிகள் அதே இடத்தில் இருந்தன.